கையால் செய்து கையோடு ஜெபிக்க: பிள்ளைகளுக்கான எளிய ஜெபக் கைவேலைகள்

ஞாயிறு பள்ளி முடிந்து பாய்களைச் சுருட்டும்போது அடியில் எப்போதும் ஏதாவது கிடக்கும். பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டி, பாதி நிறம் தீட்டிய பேழை, வால் கிழிந்த காகித மீன். அரைமணி நேரம் தலை நிமிராமல் பிள்ளைகள் செய்தவைதான். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போக அவர்களுக்கே தோன்றவில்லை. பல வாரம் அவற்றைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. எப்படிச் செய்வது என்று கற்றுக்கொடுத்தேன். செய்து முடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்கவில்லை.

ஜெபத்துக்கென்று செய்யும் கைவேலையில் அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். ஒட்டுவதும் வெட்டுவதும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதைத் தொட்டுத் தொட்டு ஜெபிப்பது பல வாரம் நடக்க வேண்டும். முதன்முறையாக வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியர்களையும், குடும்ப ஜெபத்தில் பிள்ளையை ஐந்து நிமிடம் உட்காரவைக்கப் பாடுபடும் அம்மா அப்பாக்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் சபை வழக்கப்படி 'ஜெபம்', 'ஞாயிறு பள்ளி' என்று சொல்கிறேன். கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பில் 'செபம்' என்பார்கள். செய்முறையில் வேறுபாடு இல்லை.

தொடங்கும் முன்

எந்தக் கைவேலையைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வருகிற புதன்கிழமை இரவு, நான் பக்கத்தில் இல்லாதபோது, இந்தப் பிள்ளை இதைக் கையில் எடுத்து எப்படி ஜெபிக்கும்? ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறொரு நாளைக்கு வைத்துவிடுங்கள்.

பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கிக் கிடக்கின்றன. கெட்டியான அட்டை, பளபளப்பான ஓரம், ஒரு பக்கம் பெரும்பாலும் வெறுமை. இதைவிட நல்ல கைவேலை அட்டை கடையில் கிடைக்காது. தினசரி காலண்டரின் பின்னட்டை இன்னும் உறுதியானது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் மூன்று பிள்ளைக்கு ஒன்று, கிரேயான், கம்பளி நூல், இவை இருந்தால் ஒரு வருடம் ஓடிவிடும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை தம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது அதில் ஊற்றி, வெண்மை மாறிக் கண்ணாடி போல ஆகும்வரை கிளறி இறக்குங்கள். ஆறியதும் இறுகும். இரண்டு நாள் தாங்கும். பூச்சி அரிக்காமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கான பசையில் அதை ஒருபோதும் சேர்க்காதீர்கள், அது நஞ்சு. பாலர் வகுப்பில் பசை விரலிலிருந்து நேராக வாய்க்குத்தான் போகும்.

முந்தைய நாள் இரவே ஒன்றை நீங்கள் செய்து பாருங்கள். உங்களுக்கு ஏழு நிமிடம் ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இருபது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேர வகுப்பு என்றால் பாட்டுக்கும் கதைக்கும் பதினைந்து, கைவேலைக்கு இருபது, கடைசிப் பத்து நிமிடம் செய்த பொருளைக் கையில் வைத்து ஜெபிக்க. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை முடியவில்லையா, பாதியில் இருக்கட்டும். பாதி ஒட்டியதை வைத்தும் ஜெபிக்கலாம். முழுதாக ஒட்டிவிட்டு மணியடித்ததும் ஓடிப்போனால் அன்று நடந்தது வெறும் கைவேலை வகுப்பு.

இன்னொன்று: பிள்ளையின் கையிலிருந்து வாங்கி நீங்கள் சரிசெய்து கொடுக்காதீர்கள். கோணலாக வெட்டினால் கோணலாகவே இருக்கட்டும். பெற்றோர் பார்த்துப் பாராட்ட வேண்டுமே என்று நாம் திருத்திவிட்டால் அது நம் பொருளாகிவிடுகிறது. நம் பொருளை வைத்து அவர்கள் ஜெபிக்க மாட்டார்கள்.

முதல் வாரம்: ஐந்து விரல் ஜெபம்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஒவ்வொரு விரலும் ஒரு வகை மனிதர்களை நினைவூட்டும் இந்த முறை உலகெங்கும் பல சபைகளில் வழக்கத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

பிள்ளை தன் இடது கையைத் தாளின்மேல் விரித்து வைத்து, வலது கையால் சுற்றி வரையட்டும். இடது கைப் பழக்கமுள்ளவர்கள் மாற்றிச் செய்யலாம். மிகச் சிறியவர்களுக்கு நண்பன் ஒருவன் வரைந்துகொடுக்கட்டும். பென்சில் விரலிடுக்கில் நுழையும்போது கூச்சம் தாங்காமல் சிரிப்பார்கள்; சிரிக்க விடுங்கள். வரைந்த கையை வெட்டி எடுக்கலாம், வெட்டாமல் தாளாகவே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பாலர்களுக்கு வெட்டாததே நல்லது, ஏனென்றால் முதலில் அறுந்துபோவது சுண்டுவிரல்தான்.

இப்போது விரல் விரலாகப் போங்கள். அவசரப்படாதீர்கள்.

கட்டைவிரல்: கையைக் கூப்பினால் நம் நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அருகில் இருப்பவர்களுக்காக ஜெபிக்க அது. அம்மா, அப்பா, தம்பி, ஆச்சி, பக்கத்து வீட்டு நண்பன். ஆள்காட்டி விரல் வழிகாட்டுகிறது. பள்ளி ஆசிரியர், ஆயர் (சபைப் போதகர்), ஊசி போடும் நர்ஸ் அக்கா. நடுவிரல் எல்லாவற்றிலும் உயரமானது. ஊரையும் நாட்டையும் நடத்துகிறவர்களுக்காக. பிள்ளைகளுக்கு முதலமைச்சர் என்றால் எட்டாத தூரம். பஞ்சாயத்துத் தலைவர், தலைமை ஆசிரியர், பஸ் ஓட்டுநர் என்று தொடங்கினால் அவர்களுக்குப் பிடிபடும்.

மோதிர விரலுக்கு வரும்போது நிறுத்தி ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். உள்ளங்கையைத் தரையில் கவிழ்த்து வைத்து, நடுவிரலை மட்டும் மடக்கி உள்ளே அடக்கிக்கொள்ள வேண்டும். மற்ற நான்கு விரலும் விரிந்து தரையைத் தொட்டபடி இருக்கட்டும். கட்டைவிரலைத் தூக்கு, வருகிறது. ஆள்காட்டி விரல் வருகிறது. சுண்டுவிரலும் வருகிறது. மோதிர விரலைத் தூக்கு. அசையாது. எவ்வளவு முக்கினாலும் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வகுப்பு முழுவதும் கூச்சலாகும். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்ப்பார்கள். அந்தக் கூச்சல் அடங்கியதும் சொல்லுங்கள்: தானாக எழ முடியாதவர்களுக்காக ஜெபிக்கத்தான் இந்த விரல். நோயாளிகள், வேலை இல்லாதவர்கள், பசியோடு இருப்பவர்கள், வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, பிள்ளைகள் மிக உண்மையாக ஜெபிப்பது இந்த விரலைத் தொட்டுத்தான்.

சுண்டுவிரல் கடைசி, சிறியது. அது 'நான்'. தனக்காகக் கேட்பது தவறில்லை என்றும் சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகள் மிதிவண்டி கேட்கக்கூடாதோ என்று தயங்குவார்கள். கேட்கட்டும்.

ஒவ்வொரு விரலிலும் ஒரே ஒரு பெயர் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர்கள் முகம் வரையலாம். பிறகு எல்லோரும் அவரவர் தாளில் கட்டைவிரலைத் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு வரி சொல்லுங்கள்: "இயேசப்பா, இந்தப் பெயரில் இருக்கிறவர்களை ஆசீர்வதியும்." பத்து வினாடி மௌனம். அடுத்த விரல். சுண்டுவிரல் முடிந்ததும், "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே, ஆமென்." ஐந்து விரலுக்கும் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகாது. மூன்று நிமிடம் அசையாமல் இருந்தார்கள் என்பது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

தாள் தொலைந்தாலும் கை தொலையாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாவது வாரத்திலேயே தாள் இல்லாமல் விரலைத் தொட்டு ஜெபிக்கப் பழகிவிடுகிறார்கள். பள்ளிப் பேருந்தில், தேர்வு அறையில், ஆஸ்பத்திரி வரிசையில் யாருக்கும் தெரியாமல் விரலை மடக்கி ஜெபித்தேன் என்று வந்து சொல்வார்கள்.

ஜெபப் பெட்டியும் நான் செய்த தவறும்

ஜெபப் பெட்டி மிக எளிது. காலியான பிஸ்கட் டப்பா அல்லது செருப்புப் பெட்டியை வண்ணத்தாளால் சுற்றி, மூடியில் ஒரு வெட்டு போடுங்கள். பிள்ளைகள் ஜெபக் குறிப்பைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். வகுப்பின் நடுவில் பெட்டியை வைத்து எல்லோரும் சுற்றி நின்று ஜெபிக்கலாம். இவ்வளவுதான் செய்முறை. சொல்ல வேண்டியது வேறு.

தொடக்கத்தில் நான் சீட்டுகளை எடுத்து வகுப்பில் உரக்க வாசித்தேன். எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பது நல்லதுதானே என்று நினைத்தேன். பாட்டிக்குச் சர்க்கரை நோய், அக்காவுக்குப் பரீட்சை என்று வரிசையாகப் போனது. ஒரு சீட்டில், "அப்பா இன்னைக்கு குடிச்சிட்டு வரக்கூடாது" என்று இருந்தது. பெயர் எழுதவில்லை. ஆனால் வாசித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, எழுதியது யார் என்று வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் ஒரு பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு வாரம் அந்தப் பிள்ளை வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்துவந்தேன். அன்றிலிருந்து ஒரு சீட்டையும் நான் உரக்க வாசித்ததில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எழுதிய சீட்டை நான்காக மடித்துப் போட வேண்டும். வெளியே ஒரு அடையாளம் மட்டும் போடலாம்: வட்டம் என்றால் ஆசிரியர் வாசிக்கலாம், பெருக்கல் குறி என்றால் கடவுள் மட்டும் வாசிக்கட்டும். பெருக்கல் குறி போட்டதை நீங்களும் திறக்காதீர்கள். மாத முடிவில் பிள்ளைகள் கண்ணெதிரே கிழித்துப் போடுங்கள். வட்டம் போட்டதைத் தனியாக வாசியுங்கள். ஒரு பிள்ளை அடிபடுகிறது, பயந்துபோயிருக்கிறது என்று அதில் தெரிந்தால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயரிடமும் பொறுப்பான பெரியவர்களிடமும் அன்றே பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, நாள் முழுவதும் இலவசமாக அழைக்கலாம். அந்த எண்ணை வகுப்புச் சுவரிலும் ஒட்டிவையுங்கள்.

ஆரோனின் மார்ப்பதக்கம்

மேலே சொன்ன தவறிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கைவேலை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

வேதாகமத்தில் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனான ஆரோனின் மார்ப்பதக்கம் விவரிக்கப்படுகிறது. துணியை இரட்டையாக மடித்து, ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம் உள்ள சதுரம். அதில் நான்கு வரிசையாகப் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் இஸ்ரவேல் மக்களின் ஒரு கோத்திரத்தின் பெயர். ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அந்தப் பன்னிரண்டு பெயரையும் தன் இருதயத்தின்மேல் சுமந்துகொண்டு போக வேண்டும். பிறருக்காக ஜெபிப்பது என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்த ஒரு வசனம் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

அளவுகோல் எடுக்காதீர்கள். சாணால் அளக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை விரித்தால் ஒரு சாண் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. வீட்டில் தாத்தா பாட்டி அளந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவரவர் சாண். சிறிய பிள்ளைக்குச் சிறிய பதக்கம், வளர்ந்தவனுக்குப் பெரியது. யாருடையதும் தவறாகாது.

அட்டையில் ஒரு சாண் அகலமும் இரண்டு சாண் நீளமும் உள்ள துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நீளம் பாதியாகும்படி நடுவில் மடித்தால் வேதாகமத்தில் உள்ளதுபோலவே இரட்டைச் சதுரம் வரும். மடிப்பு கீழே இருக்கட்டும். இரண்டு பக்க ஓரங்களையும் ஒட்டி, மேல்பக்கத்தைத் திறந்து விட்டால் ஒரு பை ஆகிவிடும். மடித்த இடத்தில் அட்டை வெடிக்கிறதென்றால் கத்தரிக்கோலின் நுனியால் முதலில் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள்.

இனி கற்கள். பத்திரிகைகளின் பளபளப்பான பகுதிகள், மிட்டாய்த் தாள், பழைய நோட்டு அட்டை, எதிலிருந்தும் பன்னிரண்டு சிறு கட்டங்கள் வெட்டலாம். ஒட்டுவதற்கு முன் பதக்கத்தின் முன்பக்கத்தில் பென்சிலால் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று என்று கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பெயராக எழுத வேண்டும். யாருக்காக ஜெபிக்கப் போகிறோமோ அவர்களின் பெயர். பன்னிரண்டு பெயர் வராமல் எட்டில் நின்றுவிட்டால் மீதி கட்டம் வெறுமையாக இருக்கட்டும். வாரம் போகப்போக நிரம்பும்.

பெயரின்மேல் கல்லை ஒட்டும்போது மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவுங்கள். கீழ்ப்பக்கம் ஒட்டாமல் இருந்தால் கல்லை மூடிபோலத் தூக்கிப் பெயரைப் பார்க்கலாம், விட்டால் மூடிக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு மினுக்கும் கற்கள் மட்டும் தெரியும், பெயர்கள் பிள்ளைக்கும் கடவுளுக்கும் மட்டும். சீட்டு வாசித்த அந்த ஞாயிறுக்குப் பிறகு இந்த மூடியை யோசித்துச் சேர்த்தேன்.

மேல் மூலைகளில் துளையிட்டு ஒற்றைக் கம்பளி நூல் கோத்துக் கழுத்தில் மாட்டலாம். நைலான் கயிறு வேண்டாம். இழுத்தால் அறுந்துபோகும் நூலாகவே இருக்கட்டும், விளையாடப் போகுமுன் கழற்றிவிட வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கழுத்தில் மாட்டாமல் ஊக்கால் சட்டையில் நீங்களே குத்திவிடுங்கள்.

ஜெபிக்கும் நேரத்தில் எல்லோரும் பதக்கத்தை அணிந்து, கையை அதன்மேல் வைத்து நிற்கட்டும். வாயால் எதுவும் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, பெயரைப் பார்த்து, மூட வேண்டும். கேட்பது தாள் உரசும் சத்தம் மட்டுமே. இதைச் செய்வித்த முதல் நாளில், முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை வந்து, "அக்கா, ஒரு கல்லுக்கு அடியில் சண்டைக்காரி பெயர் எழுதியிருக்கிறேன், பரவாயில்லையா?" என்று காதோடு கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

குருத்தோலைச் சிலுவை

இது ஆண்டில் ஒருமுறை, குருத்தோலை ஞாயிறுக்கு. எருசலேமுக்குள் இயேசு வந்தபோது மக்கள் பிடித்துச் சென்றவை குருத்தோலைகள் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. ஓலைக்கு நாம் எங்கும் தேட வேண்டியதில்லை. தெற்கே பனையோலை, மற்ற இடங்களில் தென்னை ஓலை. இரண்டிலும் செய்யலாம், தென்னை பிள்ளைகள் கைக்கு மென்மையாக இருக்கும்.

மரத்தின் நட்டநடுக் குருத்தை வெட்டச் சொல்லாதீர்கள். தென்னைக்கும் பனைக்கும் வளர்நுனி ஒன்றுதான். அது அடிபட்டால் மரமே பட்டுப்போகும். பாதி விரிந்த இளமட்டை ஒன்று போதும். ஒரு தென்னை மட்டையில் இருநூறுக்குக் குறையாத ஓலைகள் இருக்கும். முழு ஞாயிறு பள்ளிக்கும் அது போதுமானது. முந்தைய நாள் மாலையே வாங்கி ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை மடிக்கும் இடத்தில் கிழியும், ஓரம் கையை அறுக்கும்.

ஒற்றை ஓலையில் மடித்துச் செய்யும் சிலுவை பெரிய பிள்ளைகளுக்கு. தொடக்கக்காரர்களுக்கு மூன்று துண்டு முறை:

1. ஓலையிலிருந்து நடு ஈர்க்கை உருவி எடுங்கள். இரண்டு பட்டைகள் கிடைக்கும். ஈர்க்கு குத்தும், அதைப் பெரியவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

2. விரல் அகலத்தில் 40 செ.மீ. நீளப் பட்டை ஒன்றை நடுவில் மடித்தால் 20 செ.மீ. நெடுக்குக் கட்டை. மடிப்பு மேலே இருக்கட்டும்.

3. 24 செ.மீ. பட்டையை மடித்தால் 12 செ.மீ. குறுக்குக் கட்டை. இதை நெடுக்குக் கட்டையின் இரண்டு மடிப்புக்கும் இடையே செருகி, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள்.

4. நகத்தால் கீறி மெல்லிய நார் ஒன்று கிழித்து, சந்திப்பின்மேல் முதலில் ஒரு மூலைவிட்டமாகவும் பிறகு மறு மூலைவிட்டமாகவும் இரண்டிரண்டு சுற்று சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள்.

நார் அறுந்தால் கவலை வேண்டாம், தையல் நூல் போதும். சுற்றும்போதே ஜெபத்தைச் சேர்த்துவிடலாம். முதல் சுற்றுக்கு "மன்னியும்", இரண்டாவதற்கு "நன்றி", மூன்றாவதற்கு "கூட இரும்", நான்காவதற்கு "அவர்களோடும் இரும்". முடிச்சுக்கு ஆமென். இதற்கு முன்பு ஓலையைக் கையில் கொடுத்தால் ஒருவரையொருவர் அடித்து விளையாடத்தான் செய்வார்கள். சுற்றுக்கு ஒரு சொல் என்று வைத்த பிறகு நாக்கும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன.

வீட்டில் கதவு நிலையிலோ வேதாகமத்தின் நடுவிலோ வைக்கச் சொல்லுங்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகும். அடுத்த ஆண்டு அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். பழைய குருத்தோலைகளை எரித்துத்தான் சாம்பல் புதனுக்கான சாம்பல் எடுக்கிறார்கள். கத்தோலிக்கர் திருநீற்றுப் புதன் என்று சொல்லும் அதே நாள். தன் சிலுவையும் அந்தச் சாம்பலில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை நெற்றியில் அதை வாங்கும்போது முகம் வேறாக இருக்கும்.

சங்கிலியும் மணியும்

காலத்தை எண்ணுவதற்குக் காகிதச் சங்கிலி. ஏ4 தாளைக் குறுக்கே 3 செ.மீ. அகலத்தில் வெட்டினால் ஒரு தாளில் ஒன்பது பட்டை. ஐந்து தாளில் நாற்பத்தைந்து. லெந்து என்னும் தவக்காலத்துக்கு நாற்பது வளையம் போதும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைவரை நாற்பத்தாறு நாள், அதில் ஆறு ஞாயிறு கழியும். கிறிஸ்துமஸுக்கு என்றால் டிசம்பர் 1 முதல் இருபத்துநான்கு. ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பெயரோ ஒரு நன்றியோ எழுதி வளையமாகக் கோத்து ஜன்னலில் தொங்கவிடுங்கள். இரவுக்கு ஒரு வளையம் கிழித்து, அதில் உள்ளவருக்காக ஜெபியுங்கள். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில், இன்று யார் கிழிப்பது என்ற சண்டை நிச்சயம் வரும். ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை மற்றவருக்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அக்டோபர் செபமாலை மாதம். முழுச் செபமாலைக்கு 59 மணிகள், பத்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலை. ஒரு பத்து மணி மாலை போதும்: அருள்நிறைந்த மரியே செபத்துக்குப் பத்து, 'எங்கள் தந்தையே' செபத்துக்குப் பெரியதாக ஒன்று, ஒரு சிலுவை. மணிகளைக் காகிதத்திலேயே செய்யலாம். பழைய இதழிலிருந்து அடி 2 செ.மீ., நீளம் ஒரு சாண் உள்ள கூம்பு முக்கோணம் வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து பேனா ரீஃபிலின்மேல் இறுக்கச் சுருட்டி, நுனியில் பசை தடவி உருவினால் நடுப்பகுதி புடைத்த மணி வரும். நூல் நுனியை மெழுகில் தேய்த்தால் துளைக்குள் எளிதாக நுழையும்.

ஒன்றை மட்டும் மணியாகப் பயன்படுத்தாதீர்கள்: குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், வேலியோரம் இலவசமாகக் கிடைக்கும். அதன் அறிவியல் பெயரான ஏப்ரஸ் பிரிகடோரியஸ் என்பதிலேயே லத்தீனில் ஜெபம் என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ஒருகாலத்தில் ஜெபமாலைக்கு அதைக் கோத்ததால் வந்த பெயர். ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. துளையிட்ட விதையும் கடித்த விதையும் உயிரைப் பறிக்கும். மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கை வீட்டில் இருந்தால் எந்தச் சிறு மணியும் வேண்டாம், கம்பளி நூலில் பத்து முடிச்சுப் போட்டுக் கொடுங்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு

ஆலயத்தில் இருபது பிள்ளைகளின் உற்சாகம் இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்தான், அந்த வேகம் இருக்காது. நீங்களும் உட்கார்ந்து உங்களுடையதைச் செய்யுங்கள். அப்பாவின் பெரிய கைக்குள் பிள்ளையின் கையை வரைந்த தாள் ஒன்றை ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் பார்த்தேன். இரண்டு கையிலும் பெயர்கள் இருந்தன. அந்த வீட்டில் யாரும் யாரையும் ஜெபத்துக்குக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

செய்ததை எட்டும் உயரத்தில், ஜெபம் பண்ணும் இடத்திலேயே மாட்டுங்கள். பிள்ளையின் கண்மட்டம் உங்கள் இடுப்பளவுதான் என்பதை மறந்துவிடுகிறோம். குடும்ப ஜெபம் இரவு எட்டரை மணிக்கு என்றால் பிள்ளை தூங்கி வழியும். சாப்பாட்டுக்கு முன் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு வளையம் கிழிக்க வைத்துத் தண்டிக்காதீர்கள். விட்டுப்போன வளையம் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கட்டும்.

கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நண்பனோடு வேறு மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலுவையோ வசனமோ வேண்டாம் என்றால், கையை வரைந்து, பிடித்தவர்களின் பெயரை எழுதிக் கொண்டுபோகட்டும்.

ஐந்து விரல் தாளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பிள்ளையின் கையை மறுபடியும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டி விரல்கள் வெளியே நீளும். சில பெயர்களை அடிக்க வேண்டியிருக்கும்: குணமானவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், இறந்துபோனவர்கள். ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். பழைய தாளின் பின்பக்கம் தேதி எழுதி வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, புதிய தாள் ஒன்று எடுத்துக் கையை விரிக்கச் சொல்லுங்கள்.